ஏலத்துக்கு வரும் கபடி வீரர்

இராமேசுவரத்திலும் பாம்பனிலும் விடியற்காலையில் மீன் ஏலம் நடப்பதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கூடை வந்து இறங்கியதும் வாங்க வந்தவர் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்; கண்ணைப் பார்ப்பார்; விரலால் அழுத்திப் பார்ப்பார்; பிறகு விலை சொல்வார். கூடையில் இருக்கும் மீன் அதற்குமேல் வளரப் போவதில்லை. ஆதலால் அவருடைய மதிப்பீட்டில் பிழை நேர்ந்தாலும் நட்டம் சில நூறு ரூபாயோடு முடிந்துவிடும்.

விளையாட்டு வீரரையும் இன்று ஏலத்தில் எடுக்கிறார்கள். ஆனால் வீரருக்குத் தூக்கிப் பார்க்கச் செவுள் இல்லை. நேற்றுவரை அவர் செய்ததைக் கொண்டு நாளை அவர் செய்யப்போவதை ஊகித்தாக வேண்டும். இந்த ஊகம் எவ்வாறு செய்யப்படுகிறது, எங்கே தவறுகிறது என்பதை இன்று கபடியைக் கொண்டு விளக்க முற்படுகிறேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. சில மாதங்களுக்கு முன் நம் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து கல்லூரி இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் என்னைக் காண வந்தார். ஊர்ப் போட்டிகளில் ஆட்டத்துக்குப் பதினைந்து புள்ளி எடுப்பவர். "ஐயா, படிப்பை நிறுத்திவிட்டுப் பயிற்சிக்குப் போகலாம் என்று இருக்கிறேன், அடுத்த ஏலத்தில் என்னை எடுத்துவிடுவார்கள் என்று சொல்கிறார்கள்" என்றார். எடுத்துவிடுவார்கள் என்று அவரிடம் சொன்னவர் யாரோ, அவர் எதைப் பார்த்துச் சொன்னாரோ!

முதலில் ஏலத்தின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். புரோ கபடி லீக் 2014-இல் தொடங்கியது. தமிழ் தலைவாஸ் அணி 2017-இல் அதில் சேர்ந்தது. ஏலத்துக்கு வரும் வீரர்களை நான்கு வகுப்புகளாகப் பிரித்து, ஒவ்வொரு வகுப்புக்கும் தொடக்க விலை குறிப்பார்கள். 2023 ஏலத்தில் மேல் வகுப்புக்கு 30 இலட்சம் ரூபாய். கடைசி வகுப்புக்கு 9 இலட்சம். 12 அணிகளும் ஆளுக்கு 5 கோடி ரூபாய்க்குள் தங்கள் படையைத் திரட்ட வேண்டும். இவற்றைத் தவிர, இளம் புதிய வீரர்கள் என்ற பெயரில் சிலரை அணிகள் ஏலத்துக்கு வெளியே ஒப்பந்தம் செய்துகொள்வதும் உண்டு. கல்லூரி வயதினர்க்குப் பெரும்பாலும் இதுவே வாயில்.

அமெரிக்காவில் இதே வேலையை வேறு முறையில் செய்கிறார்கள். அங்கே ஃபுட்பால் என்று சொல்வது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஆடும் ஆட்டம். அதில் குவார்ட்டர்பேக் என்பவர் பந்தை யாருக்கு எறிவது என்பதை இரண்டு மூன்று நொடிகளில் முடிவு செய்பவர். அணியின் மூளை எனலாம். கல்லூரிகளில் ஆடும் இளைஞர்களைத் தொழில்முறை அணிகள் 1936 முதல் ஆண்டுதோறும் வரிசைப்படி தேர்ந்தெடுத்து வருகின்றன. முந்தைய ஆண்டில் கடைசியாக நின்ற அணிக்கு முதல் உரிமை. ஓட்டத்தை நொடிக்கணக்கில் அளக்கிறார்கள்; உயரம், கையின் அகலம் எல்லாம் அளக்கிறார்கள். இவ்வளவு அளந்தும் 1998-இல் முதலிரு இடங்களில் பேட்டன் மானிங், ரயன் லீஃப் என்ற இரண்டு குவார்ட்டர்பேக்குகளை எடுத்தபோது, இருவரில் யார் மேல் என்ற வாதம் கடைசி வரை நடந்தது. மானிங் அந்த ஆட்டத்தின் பெரும்புகழாளர்களில் ஒருவரானார். லீஃப் சில ஆண்டுகளில் களத்தை விட்டே போனார். 2000-இல் 199-ஆம் ஆளாக எடுக்கப்பட்ட டாம் பிரேடி 40 கஜம் ஓட 5.28 நொடி எடுத்துக்கொண்டவர். அந்த அளவுகோலில் மந்தமானவர். அவரே பின்னர் 7 முறை சூப்பர் போல் என்னும் இறுதிப் போட்டியை வென்ற அணிகளில் இருந்தார். காலை அளந்தவர்களிடம், நெருக்கடியில் அவர் கண் எங்கே செல்கிறது என்பதை அளக்கக் கருவி இல்லை.

அவர்களைப் பார்த்து நான் சிரிப்பதற்கில்லை. அதே பிழையை நானும் செய்திருக்கிறேன். ஆசிரியப் பணியின் தொடக்க ஆண்டுகளில் கடலோரப் பள்ளி ஒன்றில் கபடி அணியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. கணக்கு ஆசிரியன் ஆனபடியால் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். பாடிச் செல்லும் பையன்களின் பெயருக்கு நேரே அவரவர் எடுத்த புள்ளிகளை எழுதி வந்தேன். ஒருவன் ஆட்டத்துக்குப் பதினான்கு எடுத்தான். மற்றொருவன் எட்டைத் தாண்டவில்லை. முதல்வனை வட்டாரப் போட்டிக்கு அனுப்பினேன், இரண்டாமவனை விட்டுவிட்டேன். அனுப்பியவன் இறுகிய செம்மண் தரையில் முதல் ஐந்து நிமிடத்துக்குள் இருமுறை பிடிபட்டு, பெரும்பொழுதும் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தான். நாங்கள் தோற்றோம்.

ஊருக்குத் திரும்பியபின் நோட்டைப் புரட்டியபோதுதான் அதில் ஒரு பத்தியே இல்லை என்பது தெரிந்தது. எத்தனை முறை பிடிபட்டான் என்பதை நான் எழுதவே இல்லை. கபடியில் பாடிச் சென்றவர் பிடிபட்டால் எதிரணிக்கு ஒரு புள்ளி போவதோடு விடாது. தம் அணி புள்ளி எடுத்து மீட்கும்வரை அவர் வெளியே உட்கார வேண்டும். எனவே பதினான்கு எடுத்து ஆறு முறை பிடிபடுகிறவனைவிட, எட்டு எடுத்து ஒருமுறை மட்டும் பிடிபடுகிறவன் அணிக்கு அதிகம் பயன்படுவான். பதினான்கிலிருந்து ஆறு போனாலும் எட்டு மிஞ்சுகிறதே என்று கேட்பீர்கள். மற்றவனுக்கு மிஞ்சுவது ஏழுதான், உண்மை. ஆனால் அவன் களத்தில் நின்ற நேரத்தையும், முதல்வன் வெளியே இருந்த நேரத்தில் நம் பக்கம் ஆள் குறைந்து பிறர் பிடிபட்டதையும் சேர்த்தால் கணக்கு மாறும்.

புள்ளிகளையும் அப்படியே எண்ணிவிடக் கூடாது. பிரித்துப் பார்க்க வேண்டும். எதிரே ஆறு பேரோ ஏழு பேரோ நிற்கும்போது போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்தால் ஒரு புள்ளி உண்டு. அது ஒரு திறமையே; ஆனால் ஆளைத் தொட்டு வெளியேற்றும் புள்ளி வேறு. இரண்டே பேர் மிஞ்சிய களத்தில் எடுத்த புள்ளி ஒன்று. எழுவரும் சங்கிலியாகக் கைகோத்து நிற்கையில் எடுத்தது ஒன்று. தொடர்ந்து இருமுறை புள்ளியின்றித் திரும்பிய அணி, மூன்றாம் முறை புள்ளி எடுத்தே ஆக வேண்டும் என்பது லீக்கின் விதி. எடுக்காவிட்டால் சென்றவர் வெளியேற வேண்டும். வர்ணனையாளர் 'டூ ஆர் டை' என்று குரலை உயர்த்துவது இதற்குத்தான். எதிரணிக்கும் இது தெரியுமாதலால் அந்த 30 நொடியில் அவர்கள் காத்துநிற்பார்கள். ஓர் இளைஞனை எடைபோட விரும்பினால் அவனுடைய பத்து வெற்றிப் பாட்டுகளை விட்டுவிட்டு இத்தகைய ஐந்து பாட்டுகளைப் பாருங்கள் என்பேன்.

அடுத்தது தரை. நம் பகுதியில் கபடி மணலில் வளர்ந்தது. மணலில் கால் புதையும். பாய்ந்து பிடிக்க வருபவனுக்கும் புதையும். எனவே வலிமையுள்ளவன் இழுத்துக்கொண்டே கோட்டுக்கு வந்துவிடலாம். லீக் நடப்பதோ செயற்கை விரிப்பில். அங்கே காலணி பற்றிக்கொள்கிறது. திரும்புவதும் நொடியில், பிடிப்பதும் நொடியில். மணலில் வளர்ந்த தொடைவலிமை வீண் போகாது. ஆனால் விரிப்பில் திடீரென்று திரும்பும்போது முழங்கால் படும் பாடு மணலில் பழகியவனுக்குப் புதிது. கடற்கரைக் கபடி 2008-இல் பாலியில் நடந்த ஆசியக் கடற்கரை விளையாட்டுகளில் இடம்பெற்றது. அதில் அணிக்கு நால்வரே ஆடுவர். அந்த ஆட்டம் வேறு, இந்த ஆட்டம் வேறு. விரிப்பில் ஆடிக் காணாத ஒருவரைப் பற்றி உறுதியாகச் சொல்லுகிறவர் துணிச்சல்காரர்.

இவையெல்லாம் சரியாகப் பார்த்தாலும் இன்னொன்று எஞ்சுகிறது. அவர் போய்ச் சேரும் இடம் எத்தகையது என்பதே அது. பவன் செராவத் 2017-இல் குஜராத் அணியில் பெரும்பாலும் வெளியிலேயே அமர்ந்திருந்தார். அடுத்த பருவத்தில் பெங்களூரு அணி அவரை முதன்மையாகப் பாடிச் செல்ல விட்டது. 271 புள்ளிகள் எடுத்தார். 2019 ஜனவரியில் நடந்த இறுதி ஆட்டத்தில் மட்டும் 22. எதிரணி அதே குஜராத்! ஓராண்டுக்குள் அவர் புதிதாகப் பிறந்துவிடவில்லை, வாய்ப்புப் பிறந்தது.

அதே பவனைத் தமிழ் தலைவாஸ் 2022-இல் 2 கோடியே 26 இலட்சத்துக்கு எடுத்தது. அதுவரை எவருக்கும் அவ்வளவு தரப்பட்டதில்லை. அக்டோபரில் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு அந்தப் பருவம் முழுவதையும் இழந்தார். அணி கவிழ்ந்தது என்றே பலரும் நினைத்தார்கள். அப்போது இளம் புதிய வீரராக வந்திருந்த நரேந்தர் என்பவர்மேல் பாரம் விழுந்தது. அவர் தம் முதல் பருவத்திலேயே 243 புள்ளிகள் எடுத்தார். தலைவாஸ் முதன்முறையாக அரையிறுதி கண்டது. பவன் அடிபடாதிருந்தால் நரேந்தருக்கு எத்தனை பாட்டுகள் கிடைத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அவருடைய திறமையை மதிப்பிட்டவர் கண்கூர்மையை மெச்சலாம். ஆயினும் அது வெளிப்பட ஒருவருடைய முழங்கால் முறிய வேண்டியிருந்தது.

2023-இல் தெலுங்கு டைட்டன்ஸ் பவனை 2 கோடியே 60 இலட்சத்து 50 ஆயிரத்துக்கு எடுத்தது. 5 கோடியில் பாதிக்கும் மேல் ஒரே ஆளுக்குப் போயிற்று. அவர் நன்றாகவே ஆடினார்; அணி 22 ஆட்டங்களில் இரண்டே வென்று கடைசியில் நின்றது. எஞ்சிய பணத்தில் பிடிப்பவர்களை வாங்க வேண்டுமே! விலை என்பது வீரரின் தரத்தை மட்டும் காட்டுவதன்று. அன்றைக்கு எந்த அணியிடம் எவ்வளவு பணம் மிஞ்சியது, எந்த இடம் காலியாக இருந்தது என்பதையும் சேர்த்தே காட்டுகிறது. எடுக்கப்படாமல் போனவருக்கும் இது பொருந்தும்.

வயதையும் ஒரு சொல்லில் குறிப்பிடுகிறேன். தஞ்சை மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதன் 2016-இல் பாட்னா அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பை வென்றபோது அவருக்கு 41 வயது. இருபதில் கதவு மூடிவிடும் என்று அவசரப்படுகிறவர்களுக்காகச் சொன்னேன்.

என்னிடம் வந்த மாணவரிடம் இவற்றையெல்லாம் சொன்னேன். எத்தனை முறை பிடிபடுகிறீர்கள் என்று கேட்டேன்; எண்ணியதில்லை என்றார். விரிப்பில் எத்தனை ஆட்டம் என்றேன், இரண்டு என்றார். முடிவை நான் சொல்லவில்லை. ஒரு நோட்டு கொடுத்து, இம்முறை நானே எல்லாப் பத்திகளையும் கோடிட்டுத் தந்தேன். கல்லூரிப் போட்டிகளின் கணக்கை எழுதிக்கொண்டு, பருவத் தேர்வையும் எழுதிவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நான் விட்டுவிட்ட அந்தப் பழைய பையனுக்கு இப்போது ஐம்பது வயதிருக்கும். சொந்தப் படகு வைத்திருக்கிறான். எப்படியடா பிடிபடாமல் வருவாய் என்று அண்மையில்தான் அவனைக் கேட்டேன். மூலையில் நிற்பவன் பாயப்போவதற்கு முன் ஒரு காலை அழுத்தி ஊன்றுவான், அந்தக் காலைத்தான் பார்ப்பேன் ஐயா என்றான். பேசி முடித்தபின் வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல், ஒரு பை நிறைய மீனைக் கட்டிக் கொடுத்து அனுப்பினான்.