ஐரோப்பியப் பிரபுக்களும் அவர்தம் பட்டங்களும்



நாம் பாடம் சொல்லிக் கொடுக்கும் தோட்டப் பள்ளியில் ஒரு நாள் வரலாற்றுப் பாடம் நடந்துகொண்டிருந்தது. 1951இல் பிரேசர் மலைக்குப் போகும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்ட பிரிட்டிஷ் ஹைகமிஷனர் சர் ஹென்றி கர்னியின் பெயர் வந்தது. உடனே ஒரு மாணவி எழுந்து, "சார், அவரும் வாத்தியாரா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது.

சிரிக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் எங்களை அழைக்கும் "சார்" என்ற சொல்லும், கர்னியின் பெயருக்கு முன்னால் நிற்கும் "சர்" என்ற பட்டமும் ஒரே சொல்தான். மூத்தவர் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. இதைச் சொல்லி முடிப்பதற்குள் கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன், "அவங்க எல்லாம் பிறக்கும்போதே பெரிய ஆளுங்களா, சார்?" என்றான். இந்தக் கேள்வியைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து ஆராயப் போகிறோம்.

முதலில் பட்டங்களின் பொருளைப் பார்ப்போம். டியூக் என்றால் படைத்தலைவன். கவுண்ட் என்றால் பேரரசரின் தோழன். அவருக்குத் துணையாக இருந்தவர் வைகவுண்ட். நாட்டின் எல்லையைக் காத்தவர் மார்க்குவிஸ். பாரன் என்பதற்கு ஆள் என்று பொருள். அதாவது மன்னரின் ஆள். இவற்றில் பெரும்பாலானவை தொடக்கத்தில் வேலையின் பெயர்களே. நம் தோட்டங்களில் கிராணி, கங்காணி, தண்டல் என்று சொல்லி வந்தோமே, அதைப் போலத்தான்.

அப்படியானால் வேலையின் பெயர் எப்படிக் குலப் பெருமை ஆயிற்று? ஒரு கங்காணி இறந்துபோகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் மகனுக்கு வேலை தெரியுமா தெரியாதா என்று எவரும் கேட்காமல், அவனையே கங்காணி ஆக்குகிறார்கள். அவனுக்குப் பின் அவன் மகன். மூன்று தலைமுறை கழிந்தால், அந்தக் குடும்பமே கங்காணிக் குலம் என்று ஊர் நம்பத் தொடங்கிவிடும். ஐரோப்பாவில் ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்து நடந்தது ஏறக்குறைய இதுதான். மன்னர்கள் வலுவிழந்தபோது, பதவியும் அதற்காகக் கொடுத்த நிலமும் தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும் சொத்தாகிவிட்டன.

இனிப் பிரான்சு நாட்டைக் கவனிப்போம். அங்கே பிரபு என்பது வெறும் மரியாதைச் சொல் அல்ல. பணம் சம்பந்தப்பட்ட விஷயம். மன்னர் விதித்த முக்கியமான நேர்வரியிலிருந்து பிரபுக்களுக்கு விலக்கு உண்டு. பல பகுதிகளில் அந்த வரி ஊருக்கு இவ்வளவு என்று நிர்ணயிக்கப்பட்டு, பின்னர் குடும்பங்களுக்குப் பங்கிடப்பட்டது. ஆகவே ஊரில் ஒருவன் "நான் பிரபு" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டால், அவன் பங்கையும் சேர்த்துச் சுமப்பவர்கள் பக்கத்து வீட்டுக் குடியானவர்களே.

இதனால் போலிப் பிரபுக்கள் பெருகினார்கள். பதினான்காம் லூயி மன்னரின் அமைச்சர் கோல்பேர் 1666இல் நாடு முழுவதும் பெரிய சோதனை ஒன்றை நடத்தினார். பிரபு என்று சொன்னவர்கள் பழைய பத்திரங்களைக் காட்டித் தங்கள் பரம்பரையை நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க முடியாதவர்களுக்கு அபராதம். அவர்கள் பெயர் மறுபடியும் வரிப் பட்டியலில் ஏறியது. உயர்ந்த இரத்தம் என்று பேசப்பட்டது, கடைசியில் ஒரு காகிதத்தில் வந்து நின்றது.

அதே நேரத்தில் அரசாங்கமே அந்தப் பெருமையை விலைக்கும் விற்றது. மன்னரின் செயலாளர் என்ற பதவியைப் பெரும் பணம் கொடுத்து வாங்கி, இருபது ஆண்டுகள் வகித்தால், அல்லது பதவியில் இருக்கும்போதே இறந்துபோனால், அந்தக் குடும்பம் பரம்பரைப் பிரபுக் குடும்பம் ஆகிவிடும். அக்காலத்து மக்கள் இந்தப் பதவிக்கு "பாமரனை வெளுக்கும் சவுக்காரம்" என்று கேலிப்பெயர் வைத்திருந்தார்கள்.

உழைக்கும் மக்களாகிய நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பிரபு ஒருவர் சில்லறைக் கடை வைத்தாலோ, கைத்தொழில் செய்தாலோ அவருடைய சிறப்புரிமை பறிபோகும். தம் சொந்த நிலத்தை உழலாம். பிறர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உழக்கூடாது. பிரித்தானி என்ற மாநிலத்தில் இதற்கு ஒரு வேடிக்கையான வழி இருந்தது. நொடித்துப்போன பிரபு தம் பட்டத்தைத் தூங்க வைத்துவிட்டு, வியாபாரம் செய்து வரியும் கட்டலாம். பணம் சேர்ந்த பிறகு அதை எழுப்பிக்கொள்ளலாம். பிறப்பிலேயே வந்த உயர்வு என்றால் அது எப்படித் தூங்கும், எப்படி எழும்? உழைப்பு இழிவானது என்பது இயற்கை சொன்னதன்று. மனிதர்கள் எழுதி வைத்த விதி.

அந்த விதி ஒரு நாள் உடைந்தது. 1789 ஆகஸ்டு 4ஆம் நாள் இரவு, பிரெஞ்சு தேசிய சபை பிரபுக்களின் சிறப்புரிமைகளை ஒழிப்பதென முடிவெடுத்தது. 1790 ஜூன் 19ஆம் நாள் பரம்பரைப் பட்டங்களையே நீக்கியது. ஆயினும் 1808இல் நெப்போலியன் புதிய பட்டங்களை ஏற்படுத்தினார். பட்டத்தின் மேல் மனிதனுக்குள்ள ஆசை அவ்வளவு எளிதில் போவதில்லை.

மற்ற நாடுகள் வெவ்வேறு வழிகளை மேற்கொண்டன. நார்வே 1821இல் பிரபுத்துவத்தைப் படிப்படியாக ஒழிக்கச் சட்டம் செய்தது. ஜெர்மனியின் 1919ஆம் ஆண்டு அரசியல் சட்டம் பிறப்பால் வரும் உரிமைகளை நீக்கிவிட்டு, பழைய பட்டம் பெயரின் ஒரு பகுதியாக மட்டும் இருக்கலாம் என்றது. அதே ஆண்டில் ஆஸ்திரியா இன்னும் கடுமையாக நடந்துகொண்டது. பெயருக்கு முன்னால் "ஃபொன்" என்ற சிறு சொல்லைக்கூடப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று தடுத்தது. இத்தாலியின் 1948ஆம் ஆண்டு அரசியல் சட்டம் பட்டங்களுக்கு அங்கீகாரம் இல்லை என்றது.

பிரிட்டனில் பட்டங்கள் இன்றும் இருக்கின்றன. அங்கே டியூக், மார்க்குவிஸ், ஏர்ல், வைகவுண்ட், பாரன் என்று ஐந்து படிகள் உண்டு. இங்கிலாந்தின் முதல் டியூக் பட்டம் 1337இல் மூன்றாம் எட்வர்டு மன்னர் தம் மூத்த மகனுக்குக் கொடுத்தது. பிரான்சில் பிரபுவின் பிள்ளைகள் எல்லாரும் பிரபுக்கள். பிரிட்டனிலோ பொதுவாக மூத்த மகன் ஒருவனுக்கே பட்டம் போகும். தம்பிமார் சட்டப்படி சாதாரணக் குடிமக்கள். கர்னி பெற்ற "சர்" பட்டமோ இந்த ஐந்து படிகளில் சேராது. அது அவரோடு முடிந்துபோவது, பிள்ளைக்கு வராது.

விற்பனை அங்கும் நடந்தது. 1611இல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் பாரனெட் என்ற பரம்பரைப் பட்டத்தை உண்டாக்கி, 1,095 பவுன் விலை வைத்தார். முப்பது போர்வீரரை மூன்றாண்டு காக்கும் செலவு அது. லாயிட் ஜார்ஜ் பிரதமராக இருந்தபோது பட்டங்கள் பணத்துக்குக் கைமாறியது பெரும் ஊழலாக வெடித்தது. அதன் விளைவாக 1925இல் பட்டம் விற்பதும் வாங்குவதும் குற்றம் என்று சட்டம் வந்தது. 1958இல் ஆயுட்காலத்துக்கு மட்டும் உரிய பட்டங்களுக்கு வழி பிறந்தது. 1963இல் பரம்பரைப் பட்டம் வேண்டாம் என்று துறக்கும் உரிமை கிடைத்தது. 1999இல் பிரபுக்கள் சபையில் பரம்பரை உறுப்பினர்களில் 92 பேருக்கு மட்டும் இடம் விட்டு, மற்றவர்களை நீக்கினார்கள்.

நேயர்களே, இனி ஒரு பட்டத்தைக் கேள்விப்பட்டால் நம் பிள்ளைகள் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகட்டும். இதைக் கொடுத்தது யார்? எதற்காகக் கொடுத்தார்கள்? இது இவரோடு முடிவதா, மகனுக்கும் போவதா? பொது நன்மைக்கு உழைத்தவருக்கு நாடு தரும் மரியாதையை நாமும் மதிப்போம். பணத்துக்குப் பட்டம் வாங்கித் தருகிறேன் என்று வருபவரை வாசலோடு அனுப்பி வைப்போம்.

கடைசி வரிசைப் பையனுக்கு நாம் சொன்ன பதில் இதுதான்: "இல்லை, தம்பி. அவர்களும் உன்னைப் போலத்தான் பிறந்தார்கள். பட்டத்தைக் கொடுத்தது சட்டம். பல நாடுகளில் அதை எடுத்துக்கொண்டதும் சட்டமே." அவன் சற்று யோசித்துவிட்டு, "அப்போ சட்டம் எழுதுறவங்கதான் பெரிய ஆளுங்களா, சார்?" என்றான். அதற்கு விடை காண அவன் இன்னும் நிறையப் படிக்க வேண்டும். அவனைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டியது பெற்றோராகிய உங்கள் கடமை. சொல்லித் தர வேண்டியது எங்கள் கடமை.