பத்து இராகங்களும் ஓர் இயந்திரத் தாளமும்

ஒரு கலைப்படைப்பு தோன்றிய நாளில் பெறும் மதிப்பு ஒன்று. காலம் கடந்தபின் பெறும் மதிப்பு மற்றொன்று. இவ்விரண்டில் எது உண்மையான மதிப்பு என்னும் வினாவை எழுப்பும் இசைத்தட்டு ஒன்றைப் பற்றி இன்று சிந்திப்போம். 1982ஆம் ஆண்டில் உருவாகி, எச்.எம்.வி. முத்திரையுடன் வெளிவந்த 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்பதே அத்தட்டு. அதனை ஆக்கியவர் பம்பாய்த் திரையுலகில் பல்லாண்டுகள் வாத்தியம் வாசித்த சரண்ஜித் சிங்.

அது டிஸ்கோ இசை கொடிகட்டிப் பறந்த காலம். 'குர்பானி' 1980இலும், 'டிஸ்கோ டான்ஸர்' 1982இலும் வெளிவந்தன. ஆர். டி. பர்மன் முதலிய இசையமைப்பாளர்களின் குழுக்களில் வாசித்துவந்த சிங், அந்நாளில் புதிதாக வந்திருந்த மூன்று ஜப்பானிய மின்னிசைக் கருவிகளைக் கையாண்டார். தாளத்திற்கு டிஆர்-808, அடிச்சுரத்திற்கு டிபி-303, இராக ஆலாபனைக்கு ஜுபிடர்-8. டிஸ்கோவின் தாளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன்மேல் பைரவி, லலித், பூபாலி, தோடி, மதுவந்தி, மேக் மல்ஹார், யமன், கலாவதி, மால்கௌன்ஸ், பைராகி ஆகிய பத்து இராகங்களை வாசித்தார்.

தட்டு விற்கவில்லை, விரைவில் மறக்கவும்பட்டது. ஆடுவோர்க்கு அதில் பாட்டு இல்லை. இராகம் கேட்போர்க்கு அதில் தபலா இல்லை. இருசாரார்க்கும் அது அயலாகவே நின்றது.

2002இல் நெதர்லாந்து நாட்டவரான எடோ பௌமன் என்பார் தில்லியில் பழைய தட்டுகளைத் தேடியபோது இது அவர் கைக்குக் கிட்டியது. 2010இல் அதை அவர் மறுபதிப்பாக வெளியிட்டார். மேல்நாட்டு விமரிசகர்கள் வியப்பில் ஆழ்ந்தனர். காரணம் உண்டு. அமெரிக்காவின் சிகாகோ நகரில் 'ஃபியூச்சர்' என்னும் குழு 1987இல் வெளியிட்ட 'ஆசிட் டிராக்ஸ்' என்ற தட்டிலிருந்தே 'ஆசிட் ஹவுஸ்' என்னும் நடன இசைவகை தொடங்கியதாகக் கூறுவர். அதன் உயிர்நாடியும் இதே டிபி-303 கருவிதான். அவர்களுக்கு ஐந்தாண்டு முன்னரே பம்பாயில் இவ்வொலி எழுந்திருந்தது! சிலர் சிங்கை அவ்விசையின் தந்தை என்றனர். வேறு சிலர் இது பிற்காலத்தார் செய்த போலியோ என்றும் ஐயுற்றனர்.

இவ்விரு கூற்றும் பொருந்தா. தட்டு உண்மையானது, ஆனால் சிகாகோ இளைஞர்கள் அதைக் கேட்டுக் கற்றார்கள் என்பதற்குச் சான்று இல்லை. மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நாம் நன்கறிந்த உண்மை ஒன்று உண்டு: இரு மொழிகளில் இரு சொற்கள் ஒத்து ஒலிப்பதனாலேயே அவை உறவுடையன ஆகிவிடா. இங்கு ஒற்றுமைக்குக் காரணம் கருவியே. டிபி-303, பதினாறு படிகள் கொண்ட சுரக்கோவையைத் திரும்பத் திரும்ப ஒலிப்பது; ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் வசதியும் உடையது. சிகாகோவார் அக்கருவியின் ஒலியையே திருகித் திரித்து இசையாக்கினர். சிங்கோ அதனைத் தம்பூராவைப்போல் அடியில் ஓடவிட்டு, மேலே இராகத்தை நடத்தினார். கருவி ஒன்று, கருத்து வேறு.

பழுதும் கூறவேண்டும். விசைப்பலகையில் கமகம் முழுமை பெறாது என்பது பழைய வாதம். இதனாலேயே அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்திற்குத் தடை விதித்தது; 1971இல்தான் அத்தடை தளர்ந்தது. அந்த அளவுகோலால் அளந்தால் சிங்கின் தோடி குறையுடையதே. எனினும், மாறாத தாளத்தின்மேல் இராகத்தின் உருவம் தெளிவாகத் தெரிகிறது என்பதையும் மறுப்பதற்கில்லை.

2015ஆம் ஆண்டு ஜூலையில் சிங் மும்பையில் காலமானார். முதுமையில் ஐரோப்பிய மேடைகளில் இவ்விராகங்களை வாசிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. அது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும், "சிகாகோவுக்கு முந்தியவர்" என்பதாலேயே அவரைப் போற்றினால், நம் கலைஞரை அயலாரின் நாட்காட்டியைக் கொண்டு அளப்பவர் ஆவோம். முந்தியமை தற்செயல், படைப்பே அவருடையது.

பிற மாநிலங்களில் வாழும் தமிழராகிய நமக்கு இங்கு ஒரு வசதி உண்டு. பூபாலி நம் மோகனம். மால்கௌன்ஸ் நம் இந்தோளம். யமன் கல்யாணிக்கு நெருங்கியது. பைராகி ரேவதியை ஒத்தது. கலாவதி வலஜியை ஒத்தது. தோடி மட்டும் பெயரால் நம்மை ஏமாற்றும். அது நம் சுபபந்துவராளியின் சுரங்களை உடையது. வீட்டில் ஒரு பெயரும் வெளியில் ஒரு பெயருமாக இராகங்களைக் கேட்டுப் பழகிய செவி நம்முடையது. அச்செவியோடு இத்தட்டை ஒருமுறை கேட்போமாக. விமரிசகர் புகழ்ந்ததையும் கடைகள் புறக்கணித்ததையும் சற்றே மறந்து, இதில் மோகனம் மோகனமாக ஒலிக்கின்றதா என்று மட்டும் பார்ப்போம். தீர்ப்பு வழங்க அதுவே நேர்மையான வழி.