கேப்டனுக்கு மட்டும் கோச்சிங் போதுமா?

ஃப்ரெண்ட்ஸ், கேம்பஸ் இன்டர்வியூவில் அடிக்கடி வரும் கேள்வி இது... 'டீமை எப்படி லீட் பண்ணுவீங்க?' மனப்பாடம் பண்ணின பதிலை ஒப்பிக்கும் முன், நடவு சீஸனில் ஒரு நாள் கூத்தாநல்லூர் பக்கம் வரப்பில் நின்று பாருங்க.

பெண்கள் வரிசையாகக் குனிந்து நடுவாங்க. கூலி பேசி, ஆள் சேர்த்துக் கூட்டி வந்த அக்காவும் அதே வரிசையில் நட்டுக்கிட்டு இருப்பாங்க. ஹெச்.ஆர்., டீம் லீடர், டிரெய்னர்... மூணும் அவங்கதான்!

டெல்டாவின் இந்த டீம்களுக்கு ஒரு பரீட்சை வந்தது. பேரு, ஒற்றை நாற்று நடவு. 1980-களில் மடகாஸ்கரில் உருவான முறை. 2003-04-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதைக் காவிரி டெல்டாவிலும் தாமிரபரணிப் பகுதியிலும் விவசாயிகளின் வயலிலேயே சோதித்தது. வழக்கமாக 25 நாள் நாற்றை, குத்துக்கு மூணு நாலாக நடுவாங்க. இதில் 14 நாள் இளம் நாற்று, குத்துக்கு ஒண்ணே ஒண்ணு, 25 செ.மீ. இடைவெளி. ஏக்கருக்கு 3 கிலோ விதை போதும்.

கேட்க சூப்பரா இருக்குல்ல? ஆனா, பயிற்சி முகாமுக்கு நிலத்துக்காரர் மட்டும் போய் வந்தால் என்ன ஆகும்? நட வேண்டியது அந்த அக்காவின் டீமாச்சே! கயிறு பார்த்து, பிஞ்சு நாற்றை ஒவ்வொண்ணா ஊன்றும்போது, வருஷக்கணக்கில் பழகின வேகம் காணாமல் போயிடும். ஏக்கர் கணக்கில் கூலி என்றால், வேகம் குறையும்போது அன்றைய வருமானமும் குறையும். ஆரம்பத்தில் பல ஊர்களில் நடவாட்கள் தயங்கியது இதனால்தான். சோம்பேறித்தனம் இல்லை பாஸ், வயித்துப்பாடு!

அக்காவும் டீமும் சேர்ந்தே சேற்றில் இறங்கிப் பழகினால்தான் கை திருந்தும், வேகமும் திரும்பும். லீடர் மட்டும் கத்துக்கிட்டால் டீம் பழைய வழியில் போகும். டீம் மட்டும் கத்துக்கிட்டால் லீடர் பழைய கணக்கில் வேலை வாங்குவார்.

வயலுக்கு மட்டுமா இது? மதுரையில் டாக்டர் ஜி.வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதன் பயிற்சி நிறுவனமான லைகோ 1992-ல் வந்தது. மற்ற கண் மருத்துவமனைகள் வளரத் திட்டம் போட இங்கே வரும்போது, தலைமை டாக்டர் மட்டும் வருவதில்லை. நிர்வாகி உட்பட ஒரு டீமாகவே வந்து உட்காருகிறார்கள். ஊர் திரும்பியதும் 'இதெல்லாம் நடக்காது சார்' என்று சொல்ல ஆள் இருக்காதே!

உங்க காலேஜில் லீடர்ஷிப் ஒர்க்‌ஷாப்புக்கு யார் போறாங்க? செகரட்டரி மட்டும்தானே? அடுத்த முறை போஸ்டர் ஒட்டுற ஜூனியரையும் கூட்டிட்டுப் போங்க. திரும்பி வரும் பஸ்ஸில், 'நான் எதை மாத்திக்கணும்?' என்று அவங்ககிட்டயே கேளுங்க. பதில் கொஞ்சம் வலிக்கும். பரவாயில்லை... இன்டர்வியூவில் ஒப்பிக்காமல் சொல்ல, உங்ககிட்ட ஒரு நிஜக் கதை இருக்கும்!