சிறு துப்பாக்கியும் பயின்ற கையும்



சின்னமனூரில் தேசிய மாணவர் படையில் சேர்ந்து ரைபிள் சுடப் பழகிய மாணவர்கள் என்னிடம் வினவுவதுண்டு: “ஐயா, ரைபிள் நீளமும் கனமும் உடையது. சிறிய ரிவால்வரை எளிதாகச் சுடலாம் அல்லவா?” அவ்வாறு எண்ணுவது இயல்பே. உண்மையோ நேர்மாறானது. சுமப்பதற்கு எளியது, சுடுவதற்கு அரியது.

2014ஆம் ஆண்டில் கான்பூர்ப் படைக்கலத் தொழிற்சாலை ‘நிர்பீக்’ என்னும் ரிவால்வரை வெளியிட்டது. பெண்களின் தற்காப்புக்கென அறிமுகமான அதன் எடை ஏறத்தாழ 500 கிராம். கைப்பையில் அடங்கும் இத்தகைய கருவியைச் சுடுவதில் மூன்று இடர்கள் உள.

முதலாவது, பின்னுதைப்பு. குண்டு முன்னே பாயுங்கால் துப்பாக்கி பின்னே உதைக்கும். இது நியூட்டனின் மூன்றாம் விதி. ஒரே குண்டை 1 கிலோ துப்பாக்கியிலும் 500 கிராம் துப்பாக்கியிலும் சுட்டால், இலேசானது இரு மடங்கு வேகத்துடன் பின்வாங்கும். உதைப்பின் ஆற்றலும் இரு மடங்காகும். ரைபிளைத் தாங்கத் தோள் உண்டு. இதனைத் தாங்கக் கைகளே உண்டு. ஆதலின் பிடியை உயரப் பற்றி, மற்றக் கையால் இடைவெளியின்றி அணைத்தல் வேண்டும். உருளைக்கும் குழலுக்கும் இடையே வெப்பவாயு சீறுமாதலால் அங்கே விரல் செல்லலாகாது.

இரண்டாவது, குறி. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி 10 சென்டிமீட்டர் எனக் கொள்வோம். முன்குறி 1 மில்லிமீட்டர் விலகினால், 10 மீட்டருக்கு அப்பால் குண்டு 10 சென்டிமீட்டர் விலகும். இடைவெளி இரட்டித்தால் பிழை பாதியாகும். வடிவொத்த முக்கோணங்களைக் கற்ற நீங்கள் இதனை வரைந்தே காணலாம். எனவே கண் முன்குறியின் மீதே நிலைத்தல் வேண்டும்.

மூன்றாவது, விசை. ஒரே இழுப்பில் உருளையைச் சுழற்றிச் சுத்தியலையும் உயர்த்துவதால், விரலின் அழுத்தம் துப்பாக்கியின் எடையைக் காட்டிலும் பன்மடங்கு மிகும். வெடுக்கென்று இழுத்தால் குழல் சாயும். ஒரே சீராக இழுத்தால் குறி நிலைக்கும். வெடிக்கு அஞ்சி முன்னதாகவே கை பதறுவதும் பெரும்பிழை. அதனை நீக்க, செவிக்காப்பு அணிந்து, மென்மையான தோட்டாக்களில் தொடங்கி, பயிற்றுநரின் கண்காணிப்பில் சுடுகளத்தில் பழகுதலே வழி.

2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் வெண்கலம் வென்றார். அங்கு 10 புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டரே. அக்கருவி வேறு, ஆயினும் பிடி, குறி, விசை என்னும் பாடம் ஒன்றே.

துப்பாக்கி உரிமம் பெற நம் சட்டப்படி 21 வயது நிறைந்திருத்தல் வேண்டும். அவ்வயது எய்திய பின்னும் ஒன்றை நினைவிற் கொள்ளுங்கள். பழகாத கையில் உள்ள துப்பாக்கி காவலன்று. அருகில் நிற்போருக்கும் அது இடரே. கருவியை விலைக்கு வாங்கலாம். பயிற்சியை விலைக்கு வாங்க இயலாது.