கட்டும் முன்பே கட்டடத்துக்குள் நடக்கலாம்!

வீட்டு பிளான் ஒன்றை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கோடுகளும் அளவுகளும் நிறைந்த தாள் அது. அதைப் பார்த்தவுடன் ஹால் எவ்வளவு விசாலமாக இருக்கும், மாடிப்படி ஏறும்போது தலை இடிக்குமா என்று உங்களால் சொல்ல முடியுமா? சிரமம்தான். கட்டுமானப் பிரிவு மாணவர்களுக்கு வரைபடப் பாடம் நடத்துபவன் நான். புதிதாகச் சேரும் மாணவர்களுக்கும் இதே சிரமம் உண்டு. பிளான், செக்ஷன், எலிவேஷன் என மூன்றையும் அழகாக வரைந்துவிடுவார்கள். ஆனால் மூன்றையும் சேர்த்து ஒரே கட்டடமாக மனதில் காண்பதற்குப் பல மாதங்கள் ஆகும்.

இந்த இடைவெளியை நிரப்ப வந்ததுதான் வர்ச்சுவல் ரியாலிட்டி. தமிழில் மெய்நிகர் உண்மை என்கிறோம்.

எப்படி வேலை செய்கிறது?

கண்களை மூடியபடி தலையில் மாட்டிக்கொள்ளும் கருவியை ஹெட்செட் என்கிறார்கள். இதில் இடது கண்ணுக்கு ஒரு படம், வலது கண்ணுக்குச் சற்றே மாறுபட்ட இன்னொரு படம் காட்டப்படும். நம் மூளை இரண்டையும் இணைத்து ஆழத்தை உணர்கிறது. நீங்கள் தலையைத் திருப்பினால், உள்ளிருக்கும் சென்சார்கள் அதைக் கண்டுபிடித்துவிடும். உடனே கம்ப்யூட்டர் புதிய கோணத்தில் படத்தை வரைந்து தரும். 2016ல் வந்த ஆக்குலஸ் ரிஃப்ட் ஹெட்செட்டில் இது விநாடிக்கு 90 முறை நடந்தது. படம் தாமதமாக வந்தால் தலை சுற்றும். இதற்காகத்தான் நல்ல கிராபிக்ஸ் கார்டு தேவைப்படுகிறது.

கட்டடம் எழும் முன்பே நகர்ந்த சுவர்

இது புதிய யோசனை அல்ல. 1968லேயே அமெரிக்காவில் ஐவன் சதர்லேண்ட் தலையில் மாட்டும் திரையை உருவாக்கிக் காட்டினார். 1980களில் சேப்பல் ஹில் நகரிலுள்ள வட கரோலினா பல்கலைக்கழகம், தன் கம்ப்யூட்டர் துறைக்காக சிட்டர்சன் ஹால் என்ற கட்டடத்தைத் திட்டமிட்டது. பிரெடரிக் புரூக்ஸின் குழுவினர் அதன் வரைபடங்களைக் கம்ப்யூட்டரில் முப்பரிமாண மாடலாக மாற்றி, அதற்குள் "நடந்து" பார்த்தார்கள். முகப்புக் கூடத்தில் ஒரு சுவர் இடத்தை நெருக்குவது போலத் தெரிந்தது. கட்டடக் கலைஞர்களிடம் எடுத்துச் சொல்ல, சுவர் நகர்த்தி வரையப்பட்டது. கட்டடம் திறக்கப்பட்டது 1987ல். தாளில் கோட்டை அழிப்பது எளிது. கட்டிய சுவரை இடிப்பது எவ்வளவு செலவு என்று வீடு கட்டியவர்களைக் கேளுங்கள்.

வகுப்பில் நான் கண்டது

எங்கள் லேபில் இருப்பது ஒரே ஒரு ஹெட்செட். மாணவர்கள் வரிசையில் நின்று, தாங்கள் வரைந்த வீட்டுக்குள் ஒவ்வொருவராக நுழைவார்கள். ஒரு மாணவி வரைந்த பிளானில் அளவுகள் எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் மாடிப்படிக்கு மேலே ஒரு பீம் குறுக்கே ஓடியது. ஹெட்செட்டுடன் படியில் ஏறியவள் சட்டென்று குனிந்தாள். "சார், இந்தப் படியில எங்க அப்பா ஏறவே முடியாது" என்றாள்.

படிக்கட்டில் குறைந்தது 2.2 மீட்டர் தலை இடைவெளி வேண்டும் என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்கிறது. அதை நான் கரும்பலகையில் பலமுறை எழுதியிருக்கிறேன். அன்று அவளுடைய உடம்பே அந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டது. நாளை யாரோ ஒரு குடும்பம் வாழ்நாள் சேமிப்பைக் கொட்டிக் கட்டப்போகும் வீட்டை இவர்கள்தான் வரையப் போகிறார்கள்.

பாதுகாப்புப் பாடத்துக்கும் இது உதவும். சாரத்தின் மீது நிற்பது எப்படியிருக்கும், தடுப்பு இல்லாத தளத்தின் ஓரம் எவ்வளவு ஆபத்தானது என்பதையெல்லாம் கீழே விழாமலே உணரலாம்.

எல்லாவற்றையும் இது கற்றுத் தராது. 50 கிலோ சிமெண்ட் மூட்டையின் கனமும், கலவையில் தண்ணீர் கூடிவிட்டதைப் பார்த்தவுடனே சொல்லும் மேஸ்திரியின் கண்ணும் ஹெட்செட்டுக்குள் கிடைக்காது. எனவே சைட்டுக்குப் போவதை நாங்கள் நிறுத்தவில்லை.

நீங்களும் செய்து பார்க்கலாம்

ஹெட்செட் இல்லையே என்ற கவலை வேண்டாம். 2000ல் அறிமுகமாகி, இப்போது டிரிம்பிள் நிறுவனத்திடம் உள்ள ஸ்கெட்ச்அப் சாப்ட்வேரின் இலவசப் பதிப்பு பிரவுசரிலேயே இயங்கும். அக்கவுண்ட் ஒன்றைத் தொடங்கி, உங்கள் அறையை டேப்பால் அளந்து, அதே அளவில் வரையுங்கள். சுவர்களை எழுப்புங்கள். பிறகு இரண்டு காலடித் தடங்கள் போன்ற வாக் டூலைத் தேர்ந்தெடுத்து, மவுஸ் பட்டனை அழுத்தியபடி மேல்நோக்கி நகர்த்துங்கள். நீங்கள் அறைக்குள் நடப்பீர்கள்; சுவர் வந்தால் நின்றுவிடுவீர்கள்.

வீடு கட்டும் எண்ணம் இருந்தால், கடைக்கால் தோண்டும் முன் ஒருமுறை இப்படி நடந்து பாருங்கள். எஞ்சினியரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் தாமாகவே வரும்.