ஒரு கேள்விக்கு ஒரு நாள்

கொழும்பில இருந்துகொண்டு நியூயோர்க் நிறுவனமொன்றுக்கு மென்பொருள் எழுதும் குழுவைப் பார்த்துக்கொள்கிறேன். சம்பளம் குறைவு என்றுதான் வேலையை இங்கே தாறாங்க. ஒரு கேள்விக்கு என்ன செலவாகும் என்று கணக்குப் பார்க்கிறதில்லை. குளிர்காலத்தில் நேர வித்தியாசம் பத்தரை மணித்தியாலம். காலை 9 மணிக்கு நாங்கள் கேட்டால் அங்கே முதல்நாள் இரவு 10.30. பதில் வர எங்கட பொழுது பட்டுவிடும்.

அதனால் கேட்காமலே ஊகித்து எழுதும் பழக்கம் வந்துவிடுகிறது. 03/04 எங்களுக்கு ஏப்ரல் 3. அமெரிக்கருக்கு மார்ச் 4. வேலைக் குறிப்பில் இது இருக்காது. அவர்களுக்கு அது சொல்ல வேண்டிய விடயமே அல்ல. 13 முதலான நாட்களைக் கணினி பெரும்பாலும் மறுத்துவிடும். 12 வரை பிழையான திகதி சத்தமில்லாமல் பதிவாகும்.

அங்கிருந்து "விளங்கியதா?" என்றால் எங்கட பொடியன்மார் "ஓம்" என்பாங்க, மரியாதைக்கு. விளங்கியதை இரண்டு வரியில் எழுதித் திருப்பி அனுப்பச் சொல்றேன். ஊகம் அதில் வெளியே வந்துவிடும்.