கண்ணாடி முகப்பும் கரண்ட் பில்லும்

கலகெதரயில் எங்கள் வாப்பாவின் பிடவைக் கடை மேற்குப் பார்த்தது. கடையைத் திருத்தியபோது முகப்பு முழுவதும் கண்ணாடி போட்டார். பார்வைக்கு அழகுதான். ஆனால் அஸர் நேரத்தில் உள்ளே நிற்க முடியாது. இரண்டு ஏசி ஓடியும் போதவில்லை. 2022 ஆகஸ்டில் மின் கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 சதவீதமும் ஏறியது. கடையில் நிற்கும் லாத்தாமார் இருவரில் ஒருவரை நிறுத்த வேண்டி வரும் என்று வாப்பா உம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அதன் பிறகே இந்த விடயத்தைத் தேடிப் படித்தேன்.

நம் நாட்டில் இதற்கு விதிக்கோவை உண்டு. 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான நிலைபேறான வலுசக்தி அதிகார சபை 2008இல் ஒன்றை வெளியிட்டது. 2020இல் புதிய பதிப்பு வந்தது. 2008ஆம் ஆண்டுக் கோவை நான்கு மாடி, அல்லது 500 சதுர மீற்றர் பரப்பு போன்ற அளவை எட்டும் வர்த்தகக் கட்டடங்களுக்கானது. சுவர், கூரை, கண்ணாடி வழியே எவ்வளவு வெப்பம் உள்ளே வரலாம், விளக்குக்கு எவ்வளவு மின்சாரம் போகலாம் என்றெல்லாம் அது வரையறுக்கிறது.

சான்றிதழ் என்பது வேறு. கோவை குறைந்தபட்ச எல்லை. சான்றிதழோ புள்ளிக் கணக்கு. அமெரிக்காவின் 'லீட்' முறையில் இப்போது மொத்தம் 110 புள்ளிகள். 40 எடுத்தால் சித்தி, 80 எடுத்தால் பிளாட்டினம். ஜெப்ரி பாவா வடிவமைத்த தம்புள்ளை கண்டலம ஹோட்டலுக்கு 2000ஆம் ஆண்டிலேயே இந்தச் சான்றிதழ் கிடைத்தது. 2008இல் துல்ஹிரியவில் திறக்கப்பட்ட எம்.ஏ.எஸ். ஆடைத் தொழிற்சாலை பிளாட்டினம் பெற்றது. அங்கே ஏசிக்குப் பதிலாக, நீர் ஆவியாகும்போது காற்று குளிரும் முறையைப் பயன்படுத்தினார்கள். நம் நாட்டுப் பசுமைக் கட்டடப் பேரவையும் தனியாகச் சான்றிதழ் வழங்குகிறது.

எனக்கு ஒரு மனக்குறை. சைக்கிள் நிறுத்த இடம் வைத்தாலும் லீட்டில் புள்ளி உண்டு. ஆகவே சான்றிதழை மட்டும் பார்த்து மின் பட்டியலை ஊகிக்க முடியாது. நியூயோர்க் நகரில் 2020 முதல் பெரிய கட்டடங்கள் தம் உண்மையான மின், எரிபொருள் பாவனைக்கு ஏற்ற தர எழுத்தை வாசலிலேயே ஒட்ட வேண்டும். அது நேர்மையான முறை என்று படுகிறது.

எங்கள் கடை எந்த விதிக்குள்ளும் வராது. ஆனால் வெயில் ஆளைப் பார்த்தா அடிக்கிறது? கண்ணாடியைத் தாண்டிய வெயில் உள்ளே சூடாக மாறிவிட்டால், அந்தச் சூடு இலகுவில் வெளியேறாது. உள்ளே திரை போடுவதை விட வெளியே நிழல் கொடுப்பதே பலன் தரும். வாப்பாவுக்கு இதை விளங்கப்படுத்த இரண்டு கிழமை பிடித்தது. இப்போது முகப்புக்கு மேலே தகரப் பந்தல் நிற்கிறது. ளுஹர் வரை ஒரு ஏசி போதும். லாத்தாமார் இருவரும் கடையில் இருக்கிறார்கள். பெயர்ப் பலகை பாதி மறைந்துவிட்டது என்பதுதான் வாப்பாவின் குறை.